பட்ஜெட்டு, கடன்னு சண்டை போடும்போது எல்லாரும் பண்ற தப்புகள்

பிப்ரவரி 1ஆம் தேதி வந்தா போதும், பொங்கலுக்கு கூட வாழ்த்து போடாத ஆளுங்க எல்லாம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல முழிச்சுக்குவாங்க. மாமா காங்கிரஸ் பக்கத்துலேர்ந்து ஒரு ஃபார்வேர்டு போடுவாரு, அதுக்கு மச்சான் பிஜேபி பக்கத்துலேர்ந்து ரெண்டு போடுவான், நடுவுல பெரியப்பா "எல்லாவனும் ஒண்ணுதான்"னு ஒரு வரி போட்டுட்டு குட்மார்னிங் படத்துக்கு போயிடுவாரு. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற ஆளு, பொருளாதார மேதை எல்லாம் கிடையாது, ஆனா ஒரு நம்பர பாத்தா அது எந்த கட்டத்துலேர்ந்து எடுத்ததுன்னு பாக்காம விடமாட்டேன், தொழில் புத்தி. அஞ்சாறு வருஷமா இந்த சண்டைய பாத்துட்டு வர்றதுல ஒண்ணு புரிஞ்சுது, ரெண்டு பக்கமும் வருஷா வருஷம் அதே தப்பத்தான் பண்றாங்க. கட்சி மாறுது, தப்பு மாறல.

முதல்ல அடிப்படையான குழப்பத்த சொல்லிடுறேன். பற்றாக்குறை வேற, கடன் வேற. பற்றாக்குறைங்கறது இந்த ஒரு வருஷத்துல வரவ மீறி செஞ்ச செலவு. கடன்ங்கறது இத்தனை வருஷமா சேந்துக்கிட்டே வந்த மொத்தம். "நிதிப் பற்றாக்குறை 4.8ல இருந்து 4.4 சதவீதமா குறைஞ்சுடுச்சு"ன்னு மச்சான் போடும்போது கடனே குறைஞ்ச மாதிரி ஒரு தொனி இருக்கும் பாருங்க, அதுதான் தப்பு. கடன் ஏறுற வேகம்தான் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கு, அவ்வளவுதான். அதுலயும் ஒரு வேடிக்கை. 2024-25க்கு திருத்திச் சொன்ன பற்றாக்குறை ஏறக்குறைய ரூ.15.70 லட்சம் கோடி, 2025-26க்கு போட்ட பற்றாக்குறை ரூ.15.69 லட்சம் கோடி. ரூபாய் கணக்குல பாத்தா ரெண்டும் ஒண்ணேதான், அசையவே இல்ல. சதவீதம் இறங்கினது ஜிடிபி (நாட்டோட ஒரு வருஷத்து மொத்த உற்பத்தி, அதுலதான் இந்த சதவீதம்) பெருசாகும்னு போட்ட கணக்குனால. இத ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல, உலகம் பூரா இப்படித்தான் அளக்குறாங்க, ஆனா "கடன குறைச்சுட்டோம்"னு யாராவது மேடையில சொன்னா எந்த ரூபாய குறைச்சீங்கன்னு ஒரு கேள்வி கேக்கலாம்.

அடுத்தது மாமாவோட ஆல்டைம் ஃபேவரைட். 2023 ஜூன்ல காங்கிரஸ் பிரஸ்மீட்ல கிளப்பி விட்டது, இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு: 67 வருஷத்துல 14 பிரதமருங்க சேந்து வாங்கின கடன் 55 லட்சம் கோடி, மோடி ஒருத்தரே 9 வருஷத்துல 100 லட்சம் கோடி வாங்கிட்டாரு. நம்பர் பொய்யான்னா, இல்ல. 2023 மார்ச் கடைசியில மத்திய அரசோட கடன் ரூ.155.6 லட்சம் கோடின்னு அரசாங்கமே பார்லிமெண்ட்ல பதில் குடுத்துச்சு. ஆனா 1950ல வாங்கின நூறு ரூபாயையும் 2022ல வாங்கின நூறு ரூபாயையும் ஒரே தட்டுல வச்சு நிறுத்துனா எப்படி? அந்தக் காலத்துல நூறு ரூபாய்ல ஒரு குடும்பமே மாசத்த ஓட்டும், இப்ப ரெண்டு பேரு டிபன் சாப்பிட்டா காலி. அதனால கடன அந்தந்த வருஷத்து ஜிடிபியோட வச்சுதான் பாக்கணும்.

இதையே மச்சான் பிடிச்சுக்கிட்டு "பாத்தியா, ஜிடிபியும்தான் ஏறியிருக்கு, ஒண்ணுமே ஆகல"ன்னு முடிச்சுடுவான். அதுவும் தப்பு. கணக்கு போட்டு பாருங்க. 2013-14ல ஜிடிபி 112 லட்சம் கோடி சொச்சம், கடன் அதுல பாதி, எதையெல்லாம் சேத்து எண்றோம்ங்கறத பொறுத்து 50லேர்ந்து 52 சதவீதம் வரும். 2022-23ல ஜிடிபி 272 லட்சம் கோடி பக்கம், கடன் 57.1 சதவீதம். அதே பழைய விகிதத்துலயே இருந்திருந்தா கடன் சுமார் 136லேர்ந்து 141 லட்சம் கோடின்னு நின்னிருக்கும். அப்ப உண்மையிலேயே கூடுதலா ஏறினது 15லேர்ந்து 20 லட்சம் கோடி. நூறு லட்சம் கோடியும் இல்ல, சைபரும் இல்ல. இந்த 15-20ல கொரோனாவுக்கு எவ்வளவு (2020-21ல பற்றாக்குறை 9.2 சதவீதம், விகிதம் 61 சதவீதத்தையே தாண்டிச்சு), 2019 செப்டம்பர்ல கார்ப்பரேட் வரிய 30லேர்ந்து 22க்கு குறைச்சதுல எவ்வளவு, ரோடு ரயில்வேக்கு போனது எவ்வளவுன்னு பேசினா அது உருப்படியான சண்டை. அந்த சண்டைய இன்னி வரைக்கும் எங்க குரூப்ல யாரும் போட்டதில்ல, டிவியிலயும் நான் அதிகம் பாத்ததில்ல.

இந்த இடத்துல குட்டியா இன்னொண்ணு. 56, 57 சதவீதம்ங்கறது மத்திய அரசு கடன் மட்டும். மாநிலங்களோடதையும் சேத்தா 80 சதவீதத்த தாண்டும். ஜப்பான் 200க்கு மேல, அமெரிக்கா 120க்கு மேலன்னு சொல்றாங்களே, அவங்க கணக்குல எல்லா அரசாங்கமும் சேந்திருக்கும். நம்மளோட 57ஐ எடுத்து அவங்க 120 பக்கத்துல வச்சு "நாம எவ்வளவோ பரவால்ல"ன்னு காலர தூக்கி விட்டுக்கறது சரியான ஒப்பீடு இல்ல.

யாருகிட்ட வாங்கின கடன்ங்கறதுல வர்ற தப்பு இருக்கே, அதுல நானே மாட்டியிருக்கேன். இந்தியாவோட வெளிநாட்டுக் கடன் 700 பில்லியன் டாலருக்கு மேலன்னு ஒரு செய்தி பாத்துட்டு, அத அப்படியே ரூபாய்க்கு மாத்தி "கவர்மெண்ட்டு உலக வங்கிகிட்ட இவ்வளவு வாங்கி வச்சிருக்கு"ன்னு குரூப்ல போட்டேன். பேங்க்ல வேலை பாக்குற சித்தி பையன் அன்னிக்கு ராத்திரியே தனியா மெசேஜ் பண்ணி மானத்த வாங்கிட்டான். 2025 மார்ச் கணக்குப்படி அந்த 736 பில்லியன் டாலர்ங்கறது நாட்டுக்கே உள்ள கடன்டா அண்ணா, அதுல பெரும்பங்கு கம்பெனிங்க வெளிநாட்டுல வாங்கினது, என்ஆர்ஐங்க நம்ம பேங்க்ல போட்ட டெபாசிட், இறக்குமதிக்கு வச்சிருக்கற பாக்கி, கவர்மெண்ட்டோட பங்கு அதுல கால்வாசிக்கும் கீழதான்னான். நிஜம்தான். 2023 மார்ச்ல பார்லிமெண்ட்ல குடுத்த ஒரு பதில்ல, மத்திய அரசோட மொத்தக் கடன்ல வெளிநாட்டுக் கடன் ரூ.7.03 லட்சம் கோடிதான்னு இருக்கு. நூத்துக்கு நாலரை ரூபாய்.

மீதி தொண்ணூத்தஞ்சு யாருகிட்ட? இங்கதான் பெரியப்பா கதைய சொல்லியாகணும். அவரு ரிட்டயர் ஆன காசுல 15 லட்சத்த போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டிருக்காரு, 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரூ.30,750 கணக்குல விழும். பாஸ்புக்க பிளாஸ்டிக் கவர் போட்டு பீரோல பட்டுப் புடவைக்கு அடியில வச்சிருப்பாரு, பெரியம்மாவே கேட்டுத்தான் எடுக்கணும். அவருகிட்ட போன தீபாவளிக்கு உக்காந்து பேசிட்டு இருந்தப்ப சொன்னேன், "பெரியப்பா, இந்த கவர்மெண்ட்டு கடன் வாங்குதுன்னு திட்டுறீங்களே, அது கடன் வாங்குறதே உங்ககிட்டதான்"னு. சிறுசேமிப்புல நாம போடுற காசு ஒரு நிதிக்கு போயி அங்கேர்ந்து அரசாங்கத்துக்கு கடனா போகுது, 2025-26 பட்ஜெட்ல பற்றாக்குறைய அடைக்க இதுலேர்ந்து மட்டும் ரூ.3.43 லட்சம் கோடி எடுத்துக்கறதா போட்டிருக்காங்க. செல்வமகள் திட்டம், பிபிஎஃப் எல்லாமே இந்த கணக்குதான். அது போக கவர்மெண்ட்டு பத்திரம்னு விக்கிறத மூணுல ஒரு பங்குக்கு மேல வாங்கி வச்சிருக்கறது நம்ம பேங்க்குங்க, கால்வாசி எல்ஐசி மாதிரி இன்சூரன்ஸ் கம்பெனிங்க, அப்புறம் பிஎஃப், ரிசர்வ் வங்கி. பெரியப்பா கொஞ்ச நேரம் வெத்தலைய மடிச்சுக்கிட்டே இருந்துட்டு, "அப்ப கடன்காரன் அவன், நான் குடுத்தவன். அப்புறம் பிபிஎஃப்ல 7.9 குடுத்துட்டு இருந்தத 7.1 ஆக்கினானே, என்னைய எவன்டா கேட்டான்?"னாரு. 2020 ஏப்ரல்ல குறைச்சாங்க, அவரு மறக்கல. எனக்கு பதில் தெரியல.

ஆக "நாட்ட வெளிநாட்டுக்காரன்கிட்ட அடகு வச்சுட்டாங்க"ங்கற ஃபார்வேர்டு அடிப்படையிலேயே தப்பு. அதுக்கு உதாரணமா 1991ல தங்கத்த அடகு வச்சத சொல்லுவாங்க, 47 டன் தங்கத்த பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கும் ஜப்பான் வங்கிக்கும் அனுப்பினது உண்மை, ஆனா அன்னிக்கு தீந்து போனது டாலர். கச்சா எண்ணெய் வாங்கவும் வெளிநாட்டு பாக்கி கட்டவும் ரூபாய் செல்லாது. இலங்கையும் அதே கதைதான், 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் கட்டுறத நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிச்சப்ப அவங்களுக்கு இருந்த பெரிய தலைவலி டாலர்ல வாங்கின கடன், அதுவும் உலக சந்தையில பத்திரம் வித்து வாங்கினது. அங்க சமையல் கேஸ் க்யூல நின்னு தவிச்சது நம்ம சொந்தக்காரங்க, அத வேடிக்கையா எடுத்துக்கறது எனக்கு பிடிக்கல, அதுக்காக இங்க பட்ஜெட்டு போடுறப்ப எல்லாம் "அடுத்த இலங்கை நாமதான்"னு போடுறதும் சரி இல்ல. ரூபாய்ல வாங்கின கடனுக்கு வேற மாதிரி நோய் வரும், விலைவாசி ஏறும், வட்டியே பட்ஜெட்ட தின்னுடும். அந்த வட்டி விஷயத்துக்கு வர்றேன்.

உடனே ஒருத்தர் வருவாரு, ரூபாய்தானே, அச்சடிச்சு குடுத்துட்டு போகவேண்டியதுதானேன்னு. ஒரு காலத்துல கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துச்சு, அரசாங்கத்துக்கு காசு தட்டுப்பட்டா ரிசர்வ் வங்கி தானா குடுத்துடும். 1997ல அந்த ஏற்பாட்ட நிறுத்திட்டாங்க, 2006 ஏப்ரல்லேர்ந்து அரசாங்கம் புதுசா விக்கிற பத்திரத்த ரிசர்வ் வங்கி நேரா வாங்கவும் முடியாது. வெளி சந்தையில வாங்கலாம், வாங்குது, அது தனி கதை.

வீட்டு பட்ஜெட்டோட ஒப்பிடுறது இன்னொரு பழக்கம், "வரவுக்கு மேல செலவு பண்ணா குடும்பம் உருப்படுமா"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா குடும்பத் தலைவருக்கு 60 வயசுல ரிட்டயர்மெண்ட்டு வரும், அதுக்குள்ள கடன அடைக்கணும், அரசாங்கத்துக்கு ரிட்டயர்மெண்ட்டே இல்ல, பழைய பத்திரம் முதிர்ந்தா புது பத்திரம் வித்து கட்டிடும். ஜிடிபி விலைவாசியோட சேந்து 10 சதவீதம் வளருது, கடனுக்கு வட்டி 7 சதவீதம்னா, ஓரளவு கட்டுப்பாடா இருந்தா போதும், விகிதம் தானாவே இறங்கும். வளர்ச்சி 7க்கு கீழ போச்சுன்னா அதே கடன் கழுத்த பிடிக்கும். அதனால வீட்டு உதாரணம் வேணும்னா மாச சம்பளக்காரன சொல்லாதீங்க, கடையில சரக்கு எடுக்க ஓடி (ஓவர்டிராஃப்ட்டு) வாங்கி ஓட்டுற யாவாரிய சொல்லுங்க, அது ஓரளவுக்கு பொருந்தும்.

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற தப்பு, இது என் தொழில் சம்பந்தப்பட்டதுனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பட்ஜெட் ஆவணத்துல ஒவ்வொரு செலவுக்கும் நேரா நாலு கட்டம் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உண்மையிலேயே செலவானது, போன வருஷம் போட்ட மதிப்பீடு, அத திருத்தின மதிப்பீடு, வர்ற வருஷத்துக்கு போடுற மதிப்பீடு. ஆளுங்கட்சிக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னா, நாலாவது கட்டத்த எடுத்து ரெண்டாவதோடயோ மூணாவதோடயோ, எது கம்மியோ அதோட ஒப்பிட்டு "இவ்வளவு உயர்த்திட்டோம்"பாங்க. எதிர்க்கட்சி எது அதிகமோ அதோட ஒப்பிட்டு "வெட்டிட்டாங்க"ம்பாங்க. ரெண்டு பேரும் அதே தாளைத்தான் கையில வச்சிருப்பாங்க. முதல் கட்டத்த, அதாவது நெசமா என்ன நடந்துச்சுங்கறத, யாரும் சீண்ட மாட்டாங்க, ஏன்னா அது பழைய கதை ஆயிடுச்சு. 2021-22 பட்ஜெட்ல பொதுத்துறை பங்குகள வித்து 1.75 லட்சம் கோடி வரும்னு போட்டாங்க, அதுக்கு டிவியில ஒரு வாரம் சண்டை, நாட்ட விக்கிறாங்கன்னு ஒரு பக்கம், சீர்திருத்தம்னு இன்னொரு பக்கம். கடைசியில வந்தது 13 ஆயிரம் கோடி சொச்சம். எல்ஐசி பங்கு விக்கிறதே அடுத்த வருஷம் மே மாசத்துக்கு தள்ளிப் போச்சு. நடக்காத ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் தொண்டை கிழிய கத்தியிருக்காங்க.

கணக்குல காட்டாத கடன்னு ஒண்ணு இருக்கு, அதுல எந்தக் கட்சியும் யோக்கியம் இல்ல. மன்மோகன் சிங் ஆட்சியில பெட்ரோல் டீசல் விலைய ஏத்தாம இருக்க, நட்டத்துக்கு ஈடா எண்ணெய் கம்பெனிங்களுக்கு காசுக்கு பதிலா பத்திரம் எழுதி குடுத்தாங்க, 1.4 லட்சம் கோடி சொச்சத்துக்கு. பற்றாக்குறையில அது தெரியவே தெரியாது, கட்ட வேண்டியது பின்னாடி வர்றவங்க. 2021 ஆகஸ்ட்ல நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இத சொல்லித்தான் எங்களால பெட்ரோல் வரிய குறைக்க முடியலன்னாங்க. அதுல பாதி நியாயம் இருக்கு. மீதி பாதி என்னன்னா, அந்த பத்திரத்துக்கு வருஷ வட்டி 10 ஆயிரம் கோடி பக்கம்தான், 2020-21ல பெட்ரோல் டீசல் மேல வசூலான கலால் வரி 3.7 லட்சம் கோடி. உப்ப காட்டி சோத்துப் பானைக்கே கணக்கு சொன்ன மாதிரி.

பிஜேபி ஆட்சியில இவங்க பங்குக்கு என்ன பண்ணாங்கன்னா, ரேஷன் அரிசிக்கு இந்திய உணவுக் கழகத்துக்கு குடுக்க வேண்டிய மானியத்த பட்ஜெட்லேர்ந்து குடுக்காம, "நீ சிறுசேமிப்பு நிதியிலேர்ந்து கடன் வாங்கிக்கோ"ன்னு தள்ளி விட்டாங்க. பெரியப்பா காசுதான் திரும்பவும். கடன் உணவுக் கழகத்து பேருல, பற்றாக்குறை பாக்க அழகா இருக்கும். அரசாங்க கணக்க தணிக்கை பண்ற சிஏஜி இத குத்திக் காட்டிச்சு. கடைசியில 2021 பிப்ரவரி பட்ஜெட்ல அத எல்லாம் கணக்குக்குள்ள கொண்டு வந்தப்ப, 2020-21 உணவு மானியம் 1.15 லட்சம் கோடின்னு போட்டிருந்தது 4.22 லட்சம் கோடியா எகிறிச்சு. கொரோனாவுக்கு இலவசமா குடுத்த அரிசி கோதுமையும் அதுல உண்டு, ஆனா பெரிய பங்கு பழைய பாக்கிய அடைச்சது. அப்ப மச்சான் "ஏழைகளுக்கு நாலு மடங்கு ஒதுக்கீடு"ன்னு போட்டான், மாமா "பற்றாக்குறை பாரு, திவால்"னு போட்டாரு. ரெண்டு பேரும் தப்பு. சொல்லப்போனா மறைச்சு வச்சிருந்தத வெளிய எடுத்து வச்ச அந்த பட்ஜெட்டுதான் கொஞ்சம் நாணயமானது, ஆனா அதுக்கு முன்னாடி வருஷங்கள்ல சொன்ன பற்றாக்குறை நம்பர் எல்லாம் அப்ப என்னன்னு யோசிச்சுக்கோங்க.

கார்ப்பரேட் கடன் தள்ளுபடி. இது வேகமா முடிச்சுடுறேன். 2014-15லேர்ந்து ஒன்பது வருஷத்துல பேங்க்குங்க ரைட்-ஆஃப் பண்ணது 14.56 லட்சம் கோடி, இது பார்லிமெண்ட்ல சொன்ன நம்பர். ரைட்-ஆஃப்ங்கறது "நீ கட்ட வேண்டாம் போ"ங்கறது இல்ல, பேங்க் தன்னோட ஏட்டுலேர்ந்து எடுத்து வசூல் பிரிவுக்கு மாத்துறது, இது பட்ஜெட்ல வர்ற செலவும் இல்ல. அதனால "14 லட்சம் கோடிய பட்ஜெட்லேர்ந்து தூக்கி குடுத்துட்டாங்க"ன்னா தப்பு. ஆனா "பட்ஜெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு மச்சான் சொல்றதும் தப்புதான், அந்த ஓட்டைய அடைக்க அரசாங்கம் 2016-17லேர்ந்து 2020-21 வரைக்கும் பொதுத்துறை பேங்க்குகள்ல 3 லட்சம் கோடிக்கு மேல மூலதனம் போட்டுச்சே, அதுல பெரும்பகுதி கடன் பத்திரமா போட்டதுதானே.

நம்ம ஊரு விஷயத்துக்கும் வந்துடுவோம். பட்ஜெட் உரையில தமிழ்நாடு பேரு எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணுறது ஒரு தேசிய விளையாட்டா ஆயிடுச்சு. 2024 ஜூலை பட்ஜெட்ல பீகார், ஆந்திரான்னு அடுக்கினதும் இங்க எல்லாருக்கும் கோவம், எனக்கும்தான். ஆனா உரையில பேரு வர்றதுக்கும் காசு வர்றதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டம், ரூ.63,246 கோடி, அதுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர் 3, பட்ஜெட்ல இல்ல. எண்ணணும்னா வேற ஒண்ண எண்ணலாம். 2021-26 அஞ்சு வருஷத்துக்கு மத்திய வரியில மாநிலங்களுக்கு 41 சதவீதம்னு 15வது நிதிக்குழு சொல்லிச்சு, அதுல தமிழ்நாட்டு பங்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. ஆனா செஸ், சர்சார்ஜ்னு வரி மேல கூடுதலா போடுறதுல மாநிலங்களுக்கு பங்கே கிடையாது, 41க்குள்ளயே அது வராது. பேரு வரலன்னு கோவப்படுறதுல பத்துல ஒரு பங்கு கோவத்த செஸ் மேல காட்டினா நல்லாருக்கும்.

இன்னொண்ணு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு கடன்னு வகுத்து சொல்றது. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி, அப்ப திமுக அரசுல நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டப்ப, தமிழ்நாட்டுல ஒவ்வொரு குடும்பத்து மேலயும் ரூ.2,63,976 கடன்னு ஒரு நம்பர் வந்துச்சு. அன்னிக்கு அது அதிமுகவ அடிக்கிற கம்பு. மொத்தக் கடன் அப்ப 5.70 லட்சம் கோடி, 2025-26 பட்ஜெட் கணக்குல 9 லட்சம் கோடிய தாண்டுச்சு, அதே கம்ப அதிமுக கையில எடுத்துக்கிச்சு. கம்பு அதேதான், கை மாறிடுச்சு. கடன மட்டும் வீட்டு எண்ணிக்கையால வகுத்துட்டு, மாநில உற்பத்திய, அந்த கடன்ல கட்டின ரோட்ட, பாலத்த, கரண்டு கம்பிய வகுக்காம விடுறது ரெண்டு பேருக்கும் வசதி. பயமுறுத்தத்தான் அந்த நம்பர் உதவும்.

சரி, அப்ப எதத்தான் பாக்கணும்? நான் பாக்குறது வட்டி. பட்ஜெட் அன்னிக்கு எல்லா பேப்பர்லயும் ஒரு ரூபாய் நாணயத்த வட்டமா வெட்டி வரவு எவ்வளவு செலவு எவ்வளவுன்னு படம் போடுவாங்க, 2025-26 படத்துல ஒரு ரூபாய்க்கு 24 பைசா கடன்லேர்ந்து வருது, 20 பைசா வட்டிக்கு போகுது. பாத்த உடனே 20 பைசாதானேன்னு தோணும். அந்த ஒரு ரூபாய்க்குள்ள கடனா வந்த 24 பைசாவும் சேந்திருக்கு, மாநிலங்களுக்கு குடுக்க வேண்டிய பங்கும் சேந்திருக்கு, அதனாலதான் சின்னதா தெரியுது. மத்திய அரசு கைக்கு சொந்த வருமானமா வர்றது ரூ.34.20 லட்சம் கோடி, வட்டி ரூ.12.76 லட்சம் கோடி. வகுத்தா 37 சதவீதம். சம்பளம் நூறு ரூபாய்னா 37 ரூபாய் வட்டிக்கே போயிடுது, அசல்ல ஒரு பைசா குறையல. அந்த வருஷத்து பற்றாக்குறை 15.69ல வட்டிய கழிச்சா மிச்சம் 2.93 லட்சம் கோடிதான். அதாவது இன்னிக்கு வாங்குற கடன்ல பெரும்பாலானது பழைய கடனோட வட்டிக்கு சமம். கந்துவட்டி வாங்கி ஓட்டுனவங்கள பாத்தவங்களுக்கு இந்த வடிவம் புதுசில்ல.

இத வச்சு மோடி அரசுதான் இப்படி ஆக்கிடுச்சுன்னு மாமா குதிக்கறதுக்கு முன்னாடி நானே பழைய கணக்க எடுத்துப் பாத்தேன். 2013-14ல வட்டி ரூ.3.74 லட்சம் கோடி, வருமானம் ரூ.10.15 லட்சம் கோடி. வகுங்க. 37 சதவீதம், கிட்டத்தட்ட அச்சு அசலா. 2003-04ல இன்னும் மோசம், 47. வாஜ்பாய் காலத்துக்கும் மன்மோகன் காலத்துக்கும் நடுவுல இறங்கியிருக்கு, அதுக்கப்புறம் பத்து பன்னண்டு வருஷம் கழிச்சு, இத்தனை ஜிஎஸ்டி, இத்தனை டிஜிட்டல், இத்தனை "வரலாறு காணாத வசூல்" எல்லாத்துக்கும் அப்புறம், 2025-26 பட்ஜெட்லயும் அதே 37தான். இந்த நம்பர்ல ரெண்டு கட்சிக்கும் பெருமைப்பட ஒண்ணும் இல்ல, அதனாலயோ என்னமோ ரெண்டு ஐடி விங்கும் இத தொடுறதில்ல.

இதே மாதிரி யாரும் கேக்காம போன இன்னொண்ணு. 2018ல, அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கலாம்னு கட்டுப்படுத்துற நிதிப் பொறுப்பு சட்டத்த திருத்தி, 2024-25 முடியறதுக்குள்ள மத்திய அரசு கடன் 40 சதவீதம், மாநிலங்களோட சேத்து 60 சதவீதம்னு தாங்களே எழுதி வச்சாங்க. அந்த வருஷம் முடிஞ்சப்ப மத்திய அரசு கடன் 57 பக்கம். கொரோனா வந்துச்சு, ஒத்துக்கறேன், அந்த வருஷம் கடன் வாங்காம இருந்திருந்தாதான் தப்பு. ஆனா 2025 பட்ஜெட்ல பழைய 40 பத்தி பெருசா பேச்சே இல்லாம, 2031 மார்ச்சுக்குள்ள 50 சதவீதம், ஒண்ணு கூடலாம் குறையலாம்னு புது கோடு போட்டுட்டு போயிட்டாங்க. அன்னிக்கு பூரா எல்லா சேனல்லயும் 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லங்கறதுதான் ஓடுச்சு, நானும் ஆபீஸ்ல அதத்தான் எல்லாருக்கும் கணக்கு போட்டு குடுத்துட்டு இருந்தேன்.

பார்லிமெண்ட்ல இதெல்லாம் பேசியிருப்பாங்கன்னு நெனைக்கறதும் ஒரு தப்புதான். 2018 மார்ச்லயும், 2023 மார்ச்லயும் மக்களவையில ஒரு பக்கம் அமளி ஓடிக்கிட்டு இருக்க, மொத்த செலவுக்கும் விவாதமே இல்லாம சில நிமிஷத்துல குரல் வாக்கெடுப்புல ஓகே வாங்கிட்டாங்க, 2023ல அது 45 லட்சம் கோடி. கத்துனது எதிர்க்கட்சி மட்டும் இல்ல, ஆளுங்கட்சியும் சேந்துதான், ராகுல் லண்டன்ல பேசினதுக்கு மன்னிப்பு கேக்கணும்னு இவங்க, அதானி விவகாரத்துக்கு கூட்டுக்குழு வேணும்னு அவங்க. வட்டிய பத்தி கேக்க யாருக்கும் நேரம் இல்ல.

அடுத்த பிப்ரவரிக்கு நான் பண்ணப்போறது இதுதான். உரை முடிஞ்ச உடனே பட்ஜெட் சைட்ல "பட்ஜெட் அட் எ கிளான்ஸ்"னு ஒரு பிடிஎஃப் ஏறும், ஹிந்தியும் இங்கிலீஷும் மட்டும்தான் இருக்கும், பரவால்ல, நம்பருக்கு மொழி இல்ல. முதல் டேபிள்ல மேல வருவாய் வரவுன்னு ஒரு வரி, கீழ வட்டின்னு ஒரு வரி. முதல் கட்டத்துலேர்ந்து ரெண்டையும் எடுத்து வகுக்கணும், அப்புறம் நாலாவது கட்டத்துலேர்ந்து எடுத்து வகுக்கணும். ஃபோன் கால்குலேட்டர்ல அரை நிமிஷ வேலை. 37க்கு மேல போச்சா கீழ வந்துச்சான்னு குரூப்ல ஒரு வரி போட்டுட்டு நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடுவேன். போன தடவை இப்படி போட்டதுக்கு மாமாவும் பதில் போடல, மச்சானும் போடல. பெரியப்பா மட்டும் ஃபோன் பண்ணி, "ஏன்டா, அந்த 37ல என் முப்பதாயிரத்து எழுநூத்தம்பதும் இருக்குல்ல? அத குறைக்க சொல்லி எதுவும் எழுதித் தொலைக்காத"ன்னாரு.